கைத்தொலைபேசிக்குள் ஒரு காது

"மிஸ், நான் ஏதும் பிழையா அமத்திப்போட்டனோ?"

2021 ஆம் ஆண்டு. கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் எல்லாம் கைத்தொலைபேசிக்குள் வந்து சேர்ந்திருந்த காலம். முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், தகரக் கூரை வீட்டின் முற்றத்தில் நின்றபடி ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். அவரது கையில் அந்த வாரம் வாங்கிய போன் இருந்தது. புதியதல்ல, ஒருவர் பாவித்தது. ஆனால் பெரிய திரை. மகள் அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தாள். வீட்டிலிருந்த பழைய சிறிய போனின் திரை உடைந்து, எழுத்துகள் தெரியாமல் பிள்ளை கஷ்டப்பட்டாள். "பெரிய திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கோ அக்கா" என்று சொன்னவள் நான்தான். அவர் தனது தோட்டை அடைவு வைத்து, நகரத்துக்குப் பஸ்ஸில் போய் வாங்கி வந்தார்.

கடையில் வைத்துப் பார்த்தபோது சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தன. வீடியோ தடங்கலின்றி ஓடியது. வீட்டுக்குக் கொண்டு வந்தால் ஒரு கோடும் இல்லை. இருந்திருந்து ஒரு கோடு வரும், பிறகு போய்விடும். ஆசிரியர் வட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகள் இறங்காமல் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தது.

நான் என்ன செய்தேன்? முதலில் "இது ரவரின் பிரச்சினை, பொறுங்கோ" என்றேன். இரண்டாவது முறை "பெரிய டேட்டா பொதி போட்டுப் பாருங்கோ" என்றேன். போட்டார். பணம்தான் போனது. மூன்றாவது முறை "வேறு கம்பனியின் சிம் எடுங்கோ" என்றேன். அதற்கு மட்டும் அவர் உடன்படவில்லை.

"இந்த நம்பரை மாத்தேலாது மிஸ். அவரைத் தேடிக் குடுத்த எல்லாக் கடுதாசியிலயும் இந்த நம்பர்தான் கிடக்குது. ஆரும் எடுத்தா?"

அவரது கணவர் 2009 இல் காணாமற் போனவர். அதன் பின் அவர் நிரப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் அந்த ஒரு இலக்கமே இருக்கிறது. எங்களில் பலருக்கு ஒரு தொலைபேசி இலக்கம் வெறும் இலக்கமல்ல என்பதை இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சிக்கலை அவிழ்த்தவள் மகள். சிம்மைக் கழற்றித் திரை உடைந்த பழைய போனில் மீண்டும் போட்டாள். அதே சிம், அதே முற்றம், அதே நேரம். குறிப்புகள் ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கின. "அம்மா, பிழை உங்களில இல்லை. போன்ல" என்றாள்.

அன்று தொடங்கியது எனது தேடல். இரண்டு போன்களும் 4ஜீ போன்கள். ஒன்றுக்குக் கேட்டது மற்றதற்கு ஏன் கேட்கவில்லை?

மோடம் என்றால் என்ன?

கைத்தொலைபேசிக்குள் படம் எடுக்கும் பகுதி, திரையை இயக்கும் பகுதி என்று பல பகுதிகள் உள்ளன. இவற்றுடன் ரவருடன் பேசுவதற்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அதற்குப் பெயர் மோடம். விரல் நகத்தை விடச் சிறிய இலத்திரனியல் சில்லு. இன்றைய பல போன்களில் இது பிரதான சில்லுடனேயே சேர்ந்து வருகிறது. குவல்கொம், மீடியாடெக், சாம்சுங், யுனிசொக் போன்ற ஒரு சில நிறுவனங்களே இவற்றைத் தயாரிக்கின்றன.

போனின் ஓரத்தில் உள்ள அன்ரெனா ரவரின் அலையைப் பிடிக்கிறது. அந்த அலையிலிருந்து தேவையற்ற இரைச்சலை நீக்கி, உள்ளே இருக்கும் குரலையும் எழுத்தையும் படத்தையும் பிரித்தெடுப்பது மோடத்தின் வேலை. சுருக்கமாகச் சொன்னால், அது போனின் காது. நாங்கள் பேசுவதை ரவருக்கு அனுப்புவதால் அதுவே வாயும் கூட.

எல்லோருடைய காதும் ஒன்றல்ல. கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறும்போது, பக்கத்தில் ஒருவர் மெல்லச் சொல்வது ஒருவருக்கு விளங்கும், இன்னொருவருக்கு விளங்காது. மோடமும் அப்படித்தான். சில மோடங்களின் சுற்றுகளே கூடுதலான இரைச்சலை உண்டாக்கும். சிலவற்றுக்கு இரண்டு அன்ரெனாக்கள், சிலவற்றுக்கு நான்கு. பாதி கேட்ட செய்தியில் விடுபட்டதைக் கணக்கிட்டு நிரப்பும் திறனும் மோடத்துக்கு மோடம் வேறுபடும்.

வேகம் குறைவதற்கும் இதுவே காரணம். வகுப்பில் ஆசிரியர் சொல்வதெழுதல் கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். எல்லோருக்கும் நன்றாகக் கேட்டால் அவர் விரைவாகச் சொல்லிக் கொண்டு போவார். "கேட்கவில்லை ரீச்சர்" என்று ஒரு பிள்ளை சொன்னால் நிறுத்தி, மெதுவாக, திரும்பவும் சொல்வார். ரவரும் இதையே செய்கிறது. ஒவ்வொரு போனும் தனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை ரவருக்கு அறிவித்துக் கொண்டே இருக்கும். கேட்பது குறைவென்றால் ரவர் அந்தப் போனுக்கு மெதுவாக அனுப்பும். இந்த நிலையில் நாங்கள் எவ்வளவு பெரிய டேட்டா பொதி போட்டாலும் வேகம் கூடாது.

ஒரே பெயரில் இரண்டு போன்கள்

மோடம் வேறுபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2016 செப்டெம்பரில் அப்பிள் நிறுவனம் ஐபோன் 7 ஐ வெளியிட்டது. அமெரிக்காவில் அது இரண்டு விதமாக விற்பனையானது. ஒரே பெயர், ஒரே தோற்றம், ஒரே விலை. ஆனால் சிலவற்றுக்குள் குவல்கொம் நிறுவனத்தின் மோடம், மற்றவற்றுக்குள் இன்டெல் நிறுவனத்தின் மோடம். பின்புற மூடியில் அச்சிட்ட மொடல் இலக்கத்தைத் தவிர வெளியில் வேறெந்த வித்தியாசமும் கிடையாது.

அந்த ஆண்டு ஒக்டோபரில் செலுலர் இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் ஐபோன் 7 பிளஸ்ஸின் இந்த இரு வகைகளையும் ஆய்வுகூடத்தில் வைத்துப் பரிசோதித்தது. வலுவான சமிக்ஞையில் தொடங்கி, ரவரை விட்டு மெல்ல மெல்லத் தூரப் போவது போல அதைக் குறைத்துக் கொண்டே வந்தார்கள். சமிக்ஞை வலுவாக இருந்தபோது இரண்டு போன்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடின. அது குறையத் தொடங்கியபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மொத்தத்தில் குவல்கொம் மோடம் உள்ள போன் சுமார் 30 வீதம் முன்னிலையில் இருந்தது. பலவீனமான சில நிலைகளில் இந்த இடைவெளி 75 வீதம் வரை சென்றது.

குவல்கொம் மோடம் செக்கனுக்கு 600 மெகாபிட் வரை செல்லக்கூடியதாகவும், இன்டெல் மோடம் 450 வரை செல்லக்கூடியதாகவும் இருந்தன. அப்பிள் இரண்டு வகைக்கும் 450 என்றே அறிவித்திருந்தது. குவல்கொம் மோடத்தின் முழுத் திறனும் பாவிக்கப்படவில்லை என்று 2016 நவம்பரில் புளூம்பேர்க் செய்தி நிறுவனம் எழுதியது. தமது பரிசோதனைகளில் இரு வகைகளுக்குமிடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை என்று அப்பிள் பதிலளித்தது.

நல்ல மோடம் செய்வது எவ்வளவு கடினம் என்பதற்கும் அதே நிறுவனத்தின் கதையே சாட்சி. குவல்கொம்முடன் இருந்த வழக்குகளை 2019 ஏப்ரலில் அப்பிள் சமரசமாக முடித்தது. அதே நாளில் இன்டெல், 5ஜீ போன்களுக்கான மோடம் முயற்சியைக் கைவிடுவதாக அறிவித்தது. அந்த ஆண்டு யூலையில் இன்டெல்லின் போன் மோடம் பிரிவை நூறு கோடி டொலருக்கு வாங்க அப்பிள் ஒப்பந்தம் செய்தது. அப்படியிருந்தும் சொந்த மோடம் உள்ள முதலாவது ஐபோன் 2025 பெப்ரவரியில்தான் வெளிவந்தது. இவ்வளவு பணமும் ஆளணியும் உள்ள நிறுவனத்துக்கே ஐந்து வருடங்களுக்கு மேல் எடுத்தது.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்?

ஐபோன் வாங்குவது பற்றி நான் எழுதவில்லை. அந்த ஆய்வில் எங்களுக்கான பாடம் ஒரு வரியில் இருக்கிறது. ரவருக்குக் கிட்ட எல்லாப் போனும் நல்ல போன். தூரத்தில்தான் நல்லது கெட்டது தெரியும்.

நகரத்துக் கடையில் அந்தத் தாய் பார்த்தபோது கோடுகள் நிறைந்திருந்ததன் காரணம் இதுவே. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, போனும் பொய் சொல்லவில்லை. பிறகு ஒரு திருத்துநரிடம் அந்தப் போனைக் காட்டினோம். திறந்து பார்த்தார். அன்ரெனா இணைப்புகள் சரியாகவே இருந்தன. "இதின்ர மோடம் அவ்வளவுதான் தங்கச்சி. ரவருக்குக் கிட்ட ஓடும், தள்ளிப் போனா விட்டிடும்" என்றார்.

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் ஏற்றத்தாழ்வு பற்றி நிறைய எழுதியிருக்கிறேன். அது ஒரு போனுக்குள்ளும் இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை. ரவருக்கு அருகில் வசிப்பவருக்கு மலிவான மோடமே போதும். நல்ல மோடம் தேவைப்படுவது மீள்குடியேறிய உட்கிராமங்களில், காட்டோரத்தில், கரையோரத்தில் வசிக்கும் எங்களுக்கு. ஆனால் எங்கள் கைக்கு வந்து சேர்வதோ மலிவான போனும், பலர் கைமாறிய போனும். அதற்கு மேல் "உனக்குப் பாவிக்கத் தெரியாது" என்ற பேச்சும் பெண்ணுக்கே வந்து சேர்கிறது. அந்தத் தாயும் முதலில் தன் விரலைத்தான் குற்றம் சாட்டினார்.

கோடுகளை நம்பலாமா?

போனின் மேல் மூலையில் தெரியும் கோடுகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு கிடையாது. எவ்வளவு சமிக்ஞைக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே தீர்மானிக்கிறது. 2010 யூலையில் அப்பிள், தனது ஐபோனில் கோடுகளைக் கணக்கிடும் முறை முற்றிலும் தவறு என்றும், காட்ட வேண்டியதை விடச் சில வேளைகளில் இரண்டு கோடுகள் கூடுதலாகக் காட்டியது என்றும் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டது. அந்த ஐபோன் 4 இன் கீழ் இடது மூலையைக் கை மூடினால் சமிக்ஞை விழுந்ததும் அப்போது பெரிய பிரச்சினையானது.

கோடுகளுக்குப் பதிலாக இலக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலான அன்ட்ரொய்ட் போன்களில் செற்றிங்ஸ் பகுதிக்குள் 'எபவுட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். அதற்கு முன்னால் கழித்தல் அடையாளம் இருக்கும். இந்த எண் சிறிதாக இருந்தால் நல்லது, பெரிதாக இருந்தால் கூடாது. 4ஜீ இல் கழித்தல் 85 என்றால் மிக நல்லது. கழித்தல் 100 என்றால் சமாளிக்கலாம். கழித்தல் 110 ஐத் தாண்டினால் கஷ்டம். கழித்தல் 120 க்குக் கிட்டப் போனால் தொடர்பு அறுந்து போகும். இந்தக் கணக்கில் ஒவ்வொரு 10 உம் பத்து மடங்கு. கழித்தல் 85 க்கும் கழித்தல் 115 க்கும் இடையில் அலையின் வலிமை ஆயிரம் மடங்கு குறைகிறது.

எங்கே பிழை? கண்டுபிடிக்கும் வழி

முதலாவது, சிம் மாற்றிப் பார்த்தல். பிரச்சினை உள்ள போனிலிருக்கும் சிம்மை, பக்கத்து வீட்டில் நன்றாக ஓடும் போனில் போட்டு, அதே இடத்தில் நின்று பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் பிழை உங்கள் போனில். அங்கேயும் ஓடாவிட்டால் பிழை வலையமைப்பில் அல்லது சிம்மில். இதற்குப் பணமும் தேவையில்லை, இலக்கத்தை மாற்றவும் தேவையில்லை.

இரண்டாவது, நேரத்தை மாற்றிப் பார்த்தல். கோடுகள் நிறைந்திருந்தும் மாலை 8 மணிக்கு வேகம் இல்லை, அதிகாலையில் நன்றாக ஓடுகிறது என்றால் அது நெரிசல். எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே ரவரைப் பாவிக்கிறார்கள். போன் மாற்றுவதால் இது தீராது.

மூன்றாவது, இடத்தை மாற்றிப் பார்த்தல். தகரம் அலையைத் தடுக்கும். தகரக் கூரைக்கும் தகரச் சுவருக்கும் உள்ளே எந்த மோடத்துக்கும் கேட்பது குறையும். முற்றத்துக்கு வந்து அந்த எண் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். உலோகத் தகடு உள்ள உறையைக் கழற்றியும் பாருங்கள்.

மறுபக்கத்தவர் பேசுவது எங்களுக்குக் கேட்கிறது, நாங்கள் பேசுவது அவருக்குக் கேட்கவில்லை என்ற நிலை பலருக்கும் பழக்கமானது. ரவர் பல வாற்று வலுவில் பேசும். எங்கள் போன் 4ஜீ இல் பொதுவாக 0.2 வாற்று வரைதான் பேசும். தூரத்தில் இருக்கும்போது போன் தன் முழு வலுவையும் கொடுத்துக் கத்துகிறது. பற்றரி விரைவாக இறங்குவதும் போன் சூடாவதும் இதனாலேயே. போன் பழுது என்று நினைத்துப் பற்றரி மாற்றுவதற்கு முன் இதையும் எண்ணிப் பாருங்கள்.

வாங்கும்போது

உங்கள் ஊரில் நன்றாக ஓடும் போன் எது என்று அயலவர்களிடம் விசாரியுங்கள். விளம்பரத்தை விட அது பெறுமதியான தகவல். எந்த மொடல் என்பதையும் கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். ஒரே பெயரில் வேறு வேறு மொடல்கள் இருக்கும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் போன்களிலும் கவனம் தேவை. ரவர்கள் பேசும் அலைவரிசைகளைப் பாண்ட் என்பார்கள். எங்கள் நாட்டில் 4ஜீ சேவைக்கு 1800 அலைவரிசை பரவலாகப் பாவிக்கப்படுகிறது. இதற்குப் பாண்ட் 3 என்று பெயர். வேறு நாட்டுச் சந்தைக்காகச் செய்த சில பழைய போன்களில் இது இல்லை. அப்படியானால் மோடம் எவ்வளவு நல்லதானாலும் அந்த மொழி அதற்குத் தெரியாது. உங்கள் ஊரில் எந்தப் பாண்ட் என்பதைக் கம்பனியின் வாடிக்கையாளர் சேவையிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

பாவித்த போன் என்றால் *#06# என்று அழுத்தினால் 15 இலக்க ஐஎம்ஈஐ எண் வரும். அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்பதை 1909 என்ற இலக்கத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அறியலாம்.

பணம் கொடுப்பதற்கு முன், "எங்கட ஊரில் எடுபடாவிட்டால் மூன்று நாளைக்குள் திருப்பித் தருவேன்" என்று பேசி, அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம். போனின் உண்மையான பரீட்சை உங்கள் முற்றத்தில்தான் நடக்க வேண்டும்.

செக்கனுக்கு 450 மெகாபிட், 600 மெகாபிட் என்ற எண்களுக்கு மயங்கவும் தேவையில்லை. ஒரு வட்ஸ்அப் வீடியோ அழைப்புக்கு ஒன்று இரண்டு மெகாபிட் போதும். அந்த ஒன்றோ இரண்டோ அறாமல் வருகிறதா என்பதே எங்கள் கேள்வி.

மாமரத்தில் தொங்கிய போன்

அந்தத் தாயின் போனைக் கடை திருப்பி எடுக்கவில்லை. பற்றுச்சீட்டு இல்லை, எழுத்தும் இல்லை. ஆனால் மகள் ஒரு வழி கண்டாள். நன்றாகக் கேட்கும் பழைய போனில் சிம்மைப் போட்டு, அதில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து, ஒரு துணிப்பையில் இட்டு முற்றத்து மாமரக் கிளையில் கட்டினாள். நல்ல காதுள்ள போன் மரத்தில் இருந்து ரவரைக் கேட்டது. பெரிய திரை உள்ள போன் மரத்தடியில் வைஃபை வழியாக அதைக் கேட்டது. குறிப்புகள் இறங்கின. அந்த மாதத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் அந்த மரத்தடிக்குக் கொப்பியுடன் வந்தார்கள். மழை வந்தால் மட்டும் தாய் ஓடிப்போய்ப் பையை அவிழ்த்து வருவார்.

உங்கள் வீட்டிலும் திரை உடைந்த பழைய போன் ஒன்று கிடக்கலாம். எறிவதற்கு முன் அதன் காதைச் சோதித்துப் பாருங்கள்.

தோட்டை மீட்க அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. நான் தெரியாமல் சொன்ன ஆலோசனையின் விலை அது. வெளிக்களத்தில் வேலை செய்யும் என்னைப் போன்றவர்களிடம் சகோதரிகள் நம்பிக் கேட்கிறார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும், விசாரித்து வந்து சொல்லவும் நான் அந்த முற்றத்தில்தான் கற்றுக் கொண்டேன்.

சகோதரிகளே, உங்கள் மாதர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். எல்லோரது போன்களையும் ஒரே மேசையில் வையுங்கள். ஒரு சிம்மை எடுத்து ஒவ்வொன்றிலும் போட்டு, வரும் எண்ணை ஒரு கொப்பியில் மொடல் இலக்கத்துடன் எழுதுங்கள். உங்கள் ஊருக்கு ஏற்ற போன் எது என்பதை எந்தக் கடையும் சொல்லாத அளவுக்கு அந்தக் கொப்பி சொல்லும். அடுத்த முறை ஒரு பெண் தோட்டைக் கழற்றுவதற்கு முன் அதைப் பார்க்கட்டும்.

அந்தத் தாய் இன்றும் அதே இலக்கத்தையே வைத்திருக்கிறார். இப்போது அந்த சிம் எந்தப் போனில் இருக்க வேண்டும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.